பக்கத்துச் சீட்டு பிரேக்

டிரைவிங் ஸ்கூல் காரில் பிரேக் இரண்டு இருக்கும். ஒன்று ஓட்டக் கற்றுக்கொள்பவரின் காலடியில், இன்னொன்று பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பவரின் காலடியில். இந்த இரண்டாவதை மிதிக்காமல் இருப்பதுதான் தொழிலில் பாதி என்பாள் பிரேக்கக்கா. பயந்தவர் யார் வேண்டுமானாலும் மிதிக்கலாம், அதற்கு ஒரு படிப்பும் வேண்டாம். ஆனால் அனாவசியமாக ஒரு தடவை மிதித்துவிட்டால், ஓட்டுகிறவருக்கு அடுத்த ஒரு மாசத்துக்குத் தன் கால் மேலேயே நம்பிக்கை வராது. அதனால் உயிர் போகிற காரியமாக இருந்தாலொழிய அவள் கால் அந்தப் பக்கம் போகாது. பதினாலு வருஷத்தில் ஆறே தடவை மிதித்திருக்கிறாள். அப்படிப்பட்டவளுக்குப் பிரேக்கக்கா என்று பெயர் வைத்தது அவளிடம் படித்தவர்கள்தான். பெயர் வைக்கிறவர்களுக்குக் குறும்பு எப்போதும் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.

அவளிடம் இன்னும் இரண்டு பழக்கம் உண்டு. யாராவது தப்புச் செய்தால் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டு, "இப்போ பின்னாலிருந்து சொல்லுங்க" என்பாள். சுவரில் உரசியது, அதற்கு முன் ஸ்டீயரிங்கைத் திருப்பியது, அதற்கு முன் கண்ணாடியைப் பார்க்காமல் விட்டது என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போனால், தப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறதோ அங்கே போய் நின்றுவிடலாம். பெரும்பாலும் அது சுவரிலிருந்து ரொம்பத் தூரத்தில் இருக்கும். இரண்டாவது பழக்கம், எந்தச் சந்தில் மோதினார்களோ மறுநாள் காலை அதே சந்துக்கு அதே ஆளை அதே வண்டியில் கூட்டிப்போவது. அழுதாலும் விடமாட்டாள். அழுதுகொண்டே ஓட்டி லைசென்ஸ் வாங்கியவர்கள் அந்த ஊரில் நிறையப் பேர்.

அவளுக்கு முப்பத்தேழு வயது. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். குழந்தை இல்லை. வேண்டும். அவளே இதை இப்படித்தான் சொல்வாள், சுற்றி வளைக்கமாட்டாள். "என்ன, ஏதாவது விசேஷம் உண்டா?" என்று வாயெல்லாம் பல்லாக வருகிற சொந்தக்காரர்களிடம், "இல்லீங்க, ஆஸ்பத்திரிக்குப் போய்க்கிட்டிருக்கோம். ஊசி, மருந்து எல்லாம் நடக்குது. வேற என்ன தெரியணும்?" என்று கேட்டுவிடுவாள். அப்புறம் அவர்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள். நாத்தனார் ஒருத்திதான் விடாக்கண்டி. "எங்க பக்கத்துல யாருக்கும் இப்படி இல்ல" என்று வந்தபோதெல்லாம் சொல்லிவிட்டுத்தான் போவாள்.

கணவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். தெருமுனையில் அவன் கடை. வாசலில் ஏழெட்டு ஃபிரிட்ஜுகள் கதவைத் திறந்துபோட்டு, வைத்தியரிடம் வாயைத் திறந்து காட்டுகிற மாதிரி நிற்கும். அவன் வீட்டு ஃபிரிட்ஜில் கதவு ஒரு கம்பெனி, கம்ப்ரெஸர் வேறொரு கம்பெனி, தட்டுகள் மூன்றாவது கம்பெனி. "மூணு கம்பெனிக்காரனும் சேர்ந்து வந்தாலும் இது மாதிரி ஒண்ணு செய்ய முடியாது" என்று பீற்றிக்கொள்வான். இளகின மனசுக்காரன். ஊசியைக் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வான், அது யாருக்குப் போடுகிற ஊசியாக இருந்தாலும் சரி.

முதல் பரிசோதனையில் அவன் ரிப்போர்ட் சுத்தமாக இருந்தது. அவளுக்குக் கருக்குழாய் இரண்டிலும் அடைப்பு. டாக்டரம்மா படம் போட்டு விளக்கியபோது, "குழாய் அடைப்புன்னா அது என் தொழிலாச்சே டாக்டர்" என்று இவன் சொல்லிவிட்டான். பயத்தில் வந்த ஜோக். டாக்டரம்மா சிரித்துவிட்டார். பிரேக்கக்கா மேஜைக்கடியில் அவன் தொடையைக் கிள்ளியதில் இரண்டு நாள் தழும்பு இருந்தது.

குழாய் வழியாக முடியாதென்றால் வெளியே எடுத்துத்தான் செய்ய வேண்டும். தினமும் ஊசி போட்டு முட்டைகளை வளர்த்து, எடுத்து, ஆய்வகத்தில் கருவாக்கி, உள்ளே வைப்பது. முதல் சுற்றில் பன்னிரண்டு நாள் விடியற்காலையிலேயே இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குப் போய் நர்ஸிடம் ஊசி போட்டுக்கொண்டாள். பதினோரு முட்டை கிடைத்தது. மூன்று கரு தேறியது. இரண்டு ஒட்டவில்லை. மூன்றாவது ஒட்டியது. எட்டாவது வாரம் அதுவும் போய்விட்டது. அந்த எட்டு வாரமும் அவள் படிகூட ஏறாமல், தும்மலைக்கூட அடக்கிக்கொண்டு இருந்தாள். அதன் பிறகு நான்கு நாள் படுத்துக்கிடந்தாள், ஐந்தாம் நாள் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

முதல் தடவை முட்டை எடுத்து எட்டு மாசம் கழித்து இரண்டாம் சுற்று. இந்தத் தடவை அலைச்சல் வேண்டாமென்று நர்ஸ் அவளுக்கே ஊசி போடக் கற்றுக்கொடுத்து, மருந்தை மொத்தமாகக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்பினார். "ஃபிரிட்ஜ்ல வைங்க. ஃப்ரீசர்ல மட்டும் வச்சிடாதீங்க" என்றார். "சிஸ்டர், அதை என்கிட்டயா சொல்றீங்க?" என்று மெக்கானிக் நெஞ்சை நிமிர்த்தினான். அன்று சாயங்காலம் முழுக்க ஃபிரிட்ஜை நகர்த்திவைத்து அதன் பின்னால் உட்கார்ந்து என்னவோ முடுக்கிக்கொண்டிருந்தான்.

அவள் நாள் தவறாமல், நிமிஷம் தவறாமல் போட்டுக்கொண்டாள். எட்டாம் நாள் ஸ்கேனில் டாக்டரம்மா புருவத்தைச் சுருக்கினார், மருந்தைக் கூட்டினார். கடைசியில் கிடைத்தது இரண்டே முட்டை. இரண்டும் கருவாகவில்லை.

"மருந்துக்கு உங்க உடம்பு பதில் சொல்லல" என்றார் டாக்டரம்மா. குரல் அன்பாகத்தான் இருந்தது. "வேற ஒருத்தரோட முட்டைய வச்சு முயற்சி பண்ணலாம். யோசிச்சுச் சொல்லுங்க. இல்ல, இத்தோட நிறுத்திக்கலாம். நிறுத்துறது ஒண்ணும் தப்பில்ல."

அதற்குப் பிறகு ஐந்து மாசம். இந்த ஐந்து மாசத்தைப் பற்றிச் சொல்லும்போது எனக்கே மெக்கானிக் மேல் கோபம் வருகிறது, ஏன் என்று பின்னால் தெரியும். பிரேக்கக்கா தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து கண்ணாடி முன்னால் நின்று தன் உடம்பைத் திட்டுவாள். மனசுக்குள் இல்லை, வாய்விட்டே. "உன்கிட்ட என்ன கேட்டேன்? ஒண்ணே ஒண்ணுதானே கேட்டேன்? அதுக்குக்கூட வக்கில்லையா உனக்கு?" பக்கத்தில் நின்று தலை சீவிக்கொண்டிருக்கும் மெக்கானிக் சீப்பை வைத்துவிட்டு வெளியே போய்விடுவான். ஆள் பாதியாக இளைத்துவிட்டான். ஃபிரிட்ஜைப் பற்றிய பீற்றலெல்லாம் நின்றுபோயிற்று. அவனுக்கும் தன்னைப் போலத்தான் துக்கம் என்று அவள் நினைத்தாள்.

வேறொருத்தர் முட்டை என்பது அவளுக்குக் கேவலமாகப் படவில்லை. ஆனால் ஒரு கதவைச் சாத்துவதற்கு முன்னால் ஏன் சாத்துகிறோம் என்று தெரிய வேண்டும் அவளுக்கு. எட்டே மாச இடைவெளியில் பதினொன்று எப்படி இரண்டாகும் என்பது, செருப்புக்குள் புகுந்த கல்லாக அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்தச் சமயத்தில் அவளிடம் புதிதாகச் சேர்ந்தவர் ஒரு கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்றவர், அறுபத்துமூன்று வயது. அவர் ஓட்டும் வேகத்தைப் பார்த்து ஸ்கூலில் எல்லோரும் ஆமை சார் என்றார்கள், அவர் காதுபட அல்ல. "சார், அந்த நாய் நம்மள ஓவர்டேக் பண்ணுது, பாருங்க" என்று பிரேக்கக்கா தலையில் அடித்துக்கொள்வாள். "அதுக்கு அவசர வேலை இருக்கும் டீச்சர்" என்பார் அவர். ஒரு சனிக்கிழமை ஆமை சார் ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்கூல் கேட்டில் உரசிவிட்டார். எஞ்சினை அணைத்து, பின்னாலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனவர், திடீரென்று நிறுத்தி, "டீச்சர், கேட் மேல ஒரு தப்பும் இல்ல. நான் அங்க நிறுத்தினப்பவே சக்கரம் கோணலா இருந்திருக்கு. நேராக்காமயே ரிவர்ஸ் போட்டுட்டேன்" என்றார். பிரேக்கக்கா, "நிறுத்தினப்பவே" என்று தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை. சமையலறை மேஜையில் மெக்கானிக் ஏதோ விசிறியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"பின்னாலிருந்து சொல்லிப் பாக்கலாம்" என்றாள்.

"எதை?"

"ரெண்டாவது சுற்ற. முதல்ல பதினொண்ணு, அப்புறம் ரெண்டு. நடுவுல ஒன்பது எங்க போச்சு?"

"வயசு ஆகுதுல்ல…"

"எட்டு மாசத்துல எனக்குப் பத்து வயசு கூடிடுச்சா? ரத்தப் பரிசோதனையில பெரிய வித்தியாசம் இல்லன்னு டாக்டரே சொன்னாங்க." விரலை மடக்கினாள். "முட்டை எடுத்தது அதே டாக்டர், அதே ரூம். அதுக்கு முன்னால கடைசி ஊசி. அலாரம் வச்சுச் சரியான நேரத்துக்குப் போட்டேன். அதுக்கு முன்னால தினசரி ஊசி. அதே மருந்து, ஆரம்பத்துல அதே அளவு. முதல் தடவை சிஸ்டர் போட்டாங்க. ரெண்டாவது தடவை நான். அப்போ நான்தான் சரியாப் போடலையா?"

பக்கத்தில் கிடந்த பேனாவை எடுத்து வயிற்றில் வைத்துப் போட்டுக் காட்டினாள். "இப்படித்தானே பிடிச்சேன்? இப்படித்தானே அழுத்தினேன்? மெதுவாத்தானே எடுத்தேன்?"

"நீ நல்லாத்தான் போட்ட" என்றான் அவன். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"சரி, அப்போ அதுக்கும் முன்னால. ஊசி எங்க இருந்துச்சு? முதல் தடவை சிஸ்டரோட ஃபிரிட்ஜ்ல. ரெண்டாவது தடவை…"

அவள் தலையைத் திருப்பினாள். சமையலறை மூலையில் மூன்று கம்பெனி ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. மெக்கானிக் துணியைக் கீழே வைத்தான்.

"மூணாவது நாள் காலையில தண்ணி எடுக்கத் திறந்தேன்" என்றான். "பாட்டில்ல ஐஸ் கட்டியிருந்துச்சு. மருந்தத் தொட்டுப் பாத்தேன். எல்லாமே உறைஞ்சிருந்துச்சு."

"ஃபிரிட்ஜ்ல எப்படி உறையும்?"

"அடிக்கடி கரண்ட் போகுதேன்னு, கடையில கிடந்த ஐஸ்கிரீம் ஃப்ரீசர்லேருந்து, குளிரக் கூட்டிக் குறைக்கிற தெர்மோஸ்டாட்ட எடுத்து இதுல மாட்டினேன். உன் மருந்தாச்சே, நல்லாக் குளிரட்டும்னு." அவன் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். "கையில வச்சுத்தான் உருக்கினேன். பாக்கத் தெளிவாத்தான் இருந்துச்சு. ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன். இல்ல. ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு நினைச்சேன். தெர்மோஸ்டாட்டக் கழட்டிட்டு, வாய மூடிக்கிட்டேன்."

அவள் கத்தவில்லை. எழுந்து வெளியே போய், வாசலில் நின்ற ஸ்கூல் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். வழக்கம் போலப் பக்கத்துச் சீட்டில்தான் ஏறினாள். மெக்கானிக் பின்னாலேயே வந்து, எந்தக் கதவைத் தொடுவது என்று தெரியாமல் நின்றான். அவள் டிரைவர் சீட்டைக் காட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து, பெண்டாட்டியிடம் வண்டி கற்றுக்கொண்டால் வீட்டில் மிச்சமிருக்கும் மானமும் போய்விடும் என்று அந்தச் சீட்டில் உட்கார மறுத்தவன். இப்போது ஏறி உட்கார்ந்தான்.

"அஞ்சு மாசமா தினமும் கண்ணாடி முன்னால நின்னு நான் யாரத் திட்டினேன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"கேட்டுக்கிட்டு நின்னீங்க."

"நின்னேன்."

"தெர்மோஸ்டாட் தப்பு. தப்பு யாருக்கும் வரும், தினமும் எட்டுப் பேர் இந்தச் சீட்டுல உக்காந்து பண்றாங்க. அதை நான் விட்டுடுவேன். இந்த அஞ்சு மாசத்த என்ன பண்றதுன்னுதான் எனக்குத் தெரியல."

அவன் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்து அழுதான். அவளும் அழுதாள், ஆனால் அவனுக்காக இல்லை. அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. அந்த ஆத்திரத்துக்கு அடியில் வெட்கமில்லாமல் ஒரு சந்தோஷமும் கிளம்பியது. அவள் உடம்பு பதில் சொல்லாமல் இருந்திருக்கவில்லை, கேள்வியே அதற்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "உன்னப் போய்த் திட்டிட்டேனே" என்று அதனிடம் சொன்னாள்.

மூன்று நாள் அவனிடம் பேச்சுவார்த்தை இல்லை. நாலாம் நாள், "கிளம்புங்க" என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டரம்மா முன்னால் உட்காரவைத்து, "நீங்களே சொல்லுங்க" என்றாள். அவன் சொன்னான். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"உறைஞ்சு உருகின மருந்து மருந்தே இல்ல. ஃப்ரீசர்ல வைக்காதீங்கன்னு சிஸ்டர் சொன்னாங்கல்ல?"

"ஃப்ரீசர்ல வைக்கல டாக்டர். ஃபிரிட்ஜையே ஃப்ரீசர் ஆக்கிட்டேன்."

டாக்டரம்மாவுக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கடைசியில், "இது ஒண்ணுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன்" என்றார். "ஆனா போன சுற்ற நடக்காததா நினைச்சுக்கலாம். உங்க முட்டையிலயே இன்னொரு தடவை பாக்கலாம். கிடைச்சாலும் கிடைக்கும், இல்லன்னாலும் இல்ல. தாங்குவீங்களா?"

"இல்லன்னு வந்தாலும் உண்மையான இல்லன்னு வரட்டும் டாக்டர்" என்றாள் பிரேக்கக்கா.

நர்ஸ் முந்திக்கொண்டு, "இந்தத் தடவை தினமும் இங்கேயே வந்து போட்டுக்குங்க" என்றார். "ஆமா ஆமா, அதான் நல்லது" என்று மெக்கானிக் அவசர அவசரமாகத் தலையாட்டினான்.

"வேண்டாம்" என்றாள் அவள். "வீட்லதான். அதே ஃபிரிட்ஜ்ல. இவர்தான் வைக்கணும், இவர்தான் எடுக்கணும், இவர்தான் போடணும்."

மெக்கானிக்குக்கு முகம் வெளுத்துவிட்டது. படி இறங்கும்போது கெஞ்சினான். "என்னை நம்பாத. தயவுசெஞ்சு வேண்டாம்."

"மோதினவங்களக் கண்டு எனக்குப் பயம் இல்ல. மோதிட்டு, இனிமே வண்டியவே தொடமாட்டேன்னு மூலையில உக்காந்துடுறாங்க பாருங்க, அவங்களோட காலம் தள்ளத்தான் எனக்குப் பயம். அதே சந்துதான். வாங்க."

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற ஆளில்லை அவள். மருந்து வீட்டுக்கு வருவதற்கு முன்னால் பதினைந்து நாள் ஒத்திகை நடந்தது. பழைய தெர்மோஸ்டாட் திரும்ப வந்தது. கரண்ட் போனால் தாங்க பேட்டரி வந்தது. மருந்து இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர்ப் புட்டிகளை வைத்து, பக்கத்தில், கதவைத் திறக்காமலே அளவு தெரிகிற இரண்டு தெர்மாமீட்டர் வைத்தான். ஒன்று பொய் சொன்னால் இன்னொன்று காட்டிக்கொடுக்குமாம். இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருந்தால் போதும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவன் நாலில் நிறுத்தினான். காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் அவளுக்கு ஃபோன் செய்து ஒரே வார்த்தை சொல்வான்: "நாலு." அவளும் "சரி" என்று வைத்துவிடுவாள். அப்போது அவர்களுக்குள் இருந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

மருந்து வந்தது. முதல் நாள் ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு மெக்கானிக் வியர்த்துக் கொட்டினான். நூல் போன்ற செப்புக் குழாயைக்கூட நடுங்காமல் பற்றவைக்கிற கை, மருந்தைத் தெளிக்கிற அளவுக்கு ஆடியது.

"கண்ணத் திறங்க! அது என் வயிறு, சுவர் இல்ல."

"வலிச்சா சொல்லு."

"இன்னும் போடவே இல்ல, அதுக்குள்ள என்ன வலி?"

போட்டான். போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்து மாசத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. சிரித்ததற்காகத் தன் மேலேயே கோபப்பட்டு எழுந்துபோய்விட்டாள். ஆனால் ஐந்தாம் நாளிலிருந்து அவனுடைய "நாலு"வுக்குப் பதில் வெறும் "சரி"யாக வரவில்லை, "சரி, சாப்டீங்களா?" என்று வந்தது.

ஏழாம் நாள் நாத்தனார் வந்தாள். தம்பி வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்துவைத்து, ஒரு கையில் தண்ணீர் பாட்டிலோடு, "எங்க பக்கத்துல யாருக்கும் இப்படி" என்று ஆரம்பித்தாள். முடிக்க விடவில்லை மெக்கானிக். ஓடிவந்து கதவைச் சாத்தினான்.

"அக்கா, நம்ம பக்கத்துல யாரும் மருந்த உறையவச்சுக் கெடுக்கவும் இல்ல. அதை நான் பண்ணேன். இனிமே இதைப் பத்தி இவகிட்டப் பேசணும்னா முதல்ல என்கிட்டப் பேசு. அப்புறம், இந்த மருந்து முடியற வரைக்கும் இந்த வீட்ல யாருக்கும் ஜில் தண்ணி கிடையாது."

அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு போனாள். மெக்கானிக் ஒரு கயிற்றை எடுத்து ஃபிரிட்ஜைச் சுற்றிக் கட்டி முடிச்சுப் போட்டான். தெர்மாமீட்டர் இரண்டும் ஐந்தைக் காட்டி, கொஞ்ச நேரத்தில் நாலுக்குத் திரும்பின. பிரேக்கக்கா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று ஊசிக்கு அவளாகவே வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

முட்டை எடுத்த அன்று மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது அவன் முகம்தான் தெரிந்தது. "எவ்வளவு?" என்றாள், நாக்குக் குழற.

"ஒன்பது" என்றான். "காணாமப் போன ஒன்பதும் வந்துடுச்சு."

நான்கு கரு தேறியது. ஒன்றை உள்ளே வைத்தார்கள். மூன்றை உறையவைத்துப் பத்திரப்படுத்துவதாகச் சொன்னபோது மெக்கானிக் திடுக்கிட்டு, "உறையவச்சா?" என்றான். கருவை உறையவைப்பதற்கு முறை இருக்கிறது, மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரியில் வருஷக்கணக்காக இருக்கும் என்று விளக்கினார்கள். அவனுக்கு வாய் பிளந்துவிட்டது. "மைனஸ் நூத்தித் தொண்ணூத்தாறா! அதுக்கு யாரு சர்வீஸ்?" என்று கேட்டுவிட்டு, உடனே இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். "சும்மா கேட்டேன். நான் தொடமாட்டேன்."

அதன் பிறகு பன்னிரண்டு நாள் காத்திருக்க வேண்டும், அப்புறம்தான் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். வழக்கமான வேலை செய்யலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். முதல் தடவை தும்மாமல் இருந்தும் தங்கவில்லையே என்று பிரேக்கக்காவும் மறுநாளே சீட்டில் ஏறிவிட்டாள். வழக்கத்தைவிட அதிகமாகவே விரட்டினாள். ஆமை சாருக்கு அந்த மாசக் கடைசியில் டெஸ்ட். "மூணாவது கியர்னு ஒண்ணு இருக்கு சார். இவ்வளவு நாளாத் தொடலன்னா அது கோவிச்சுக்கும்" என்று அவரைப் போட்டு வறுத்தாள்.

பன்னிரண்டாம் நாள் காலை ரத்தம் கொடுத்துவிட்டு வகுப்புக்கு வந்தாள். மதியத்துக்குள் ஃபோன் வரும் என்றார் நர்ஸ். பதினொன்றரைக்கு ஆமை சாரின் வகுப்பு. வண்டி ஓடும்போது யாரும் ஃபோனைத் தொடக்கூடாது, ஓரங்கட்டி ஹேண்ட் பிரேக் போட்ட பிறகுதான் என்பது அவளே வைத்த சட்டம். அவள் ஃபோன் சீட்டுக்கு எதிரே இருந்த முன்பெட்டிக்குள் கிடந்தது.

கடைத்தெருவைத் தாண்டும்போது அது அடித்தது.

"முன்னால இடம் பாத்து ஓரங்கட்டுங்க சார்."

ஆமை சார் கற்றுக்கொண்டதை ஒன்றும் மறக்கவில்லை. உள்கண்ணாடியைப் பார்த்தார். பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். சிக்னல் போட்டார். போட்டதற்குப் பிறகு மறுபடி உள்கண்ணாடியைப் பார்த்தார். ஒரு காலியிடம் வந்தது. அது போதுமா என்று மனக்கணக்குப் போடுவதற்குள் கடந்துபோயிற்று. ஃபோன் அடித்து ஓய்ந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முழங்காலை இறுகப் பிடித்திருந்தாள். இரண்டாவது காலியிடமும் கடந்துபோனது. ஃபோன் மறுபடி அடிக்க ஆரம்பித்தது.

கார் சடக்கென்று நடுவழியில் நின்றது. ஆமை சார் தன் காலைக் குனிந்து பார்த்தார், அது பிரேக்கில் இல்லை. பிறகு அவள் காலைப் பார்த்தார்.

"நான் என்ன தப்புப் பண்ணேன் டீச்சர்?" என்றார், அடிபட்ட குரலில்.

"நீங்க ஒண்ணும் பண்ணல சார். தப்பு என்னோடது." ஹேண்ட் பிரேக்கைத் தூக்கிவிட்டு முன்பெட்டியைத் திறந்தாள்.

"பாசிட்டிவ்" என்றார் நர்ஸ். "நம்பர் நல்லா இருக்கு. நாளன்னைக்கு வந்து இன்னொரு தடவை ரத்தம் குடுங்க, ஏறுதான்னு பாக்கணும். கேக்குதா? ஹலோ?"

"கேக்குது சிஸ்டர்."

பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. பாசிட்டிவ் என்பது முதல் படிதான் என்று அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? எட்டாவது வாரம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் மெக்கானிக்கின் நம்பரைப் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"நாலு" என்றான். மருந்து தீர்ந்து இரண்டு வாரமாகிறது.

"அது இல்லங்க. ஒட்டிக்கிச்சு."

அந்தப் பக்கம் ஏதோ இரும்புச் சாமான் கீழே விழுந்து உருளும் சத்தம் கேட்டது. பிறகு பதறிக்கொண்டு, "எங்க இருக்க? வண்டியிலயா? யாரு ஓட்டுறாங்க?" என்றான்.

"ஆமை சார்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அப்போ சரி" என்றான் மெக்கானிக்.

ஃபோனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆமை சார் நேராகச் சாலையைப் பார்த்தபடி, எதுவும் காதில் விழாதவராக உட்கார்ந்திருந்தார். ஹாரன் சத்தம் இன்னும் கூடியது.

"கிளம்பலாமா டீச்சர்?" என்றார். "இன்னைக்கு மூணாவது கியர் போட்டுடுறேன். வேகமாப் போயிடலாம்."

"வேண்டாம் சார்" என்றாள் பிரேக்கக்கா. இரண்டு கால்களையும் பிரேக்கிலிருந்து விலக்கிச் சீட்டுக்கடியில் இழுத்துக்கொண்டாள். "உங்க வேகத்துலயே போங்க. மேடு பள்ளம் மட்டும் பாத்துக்குங்க."

அவர் உள்கண்ணாடியைப் பார்த்தார், பக்கக் கண்ணாடியைப் பார்த்தார், ஹேண்ட் பிரேக்கை இறக்கினார், கிளட்சை விட்டார். கார் நகர்ந்தது. பின்னால் ஒரு தெரு நீளத்துக்கு வண்டிகள் ஊர்ந்து வந்தன. ஒரு நாய் ஓரமாக ஓடிவந்து அவர்களைத் தாண்டிப் போயிற்று. இந்தத் தடவை அவள் தலையில் அடித்துக்கொள்ளவில்லை.